மாநாட்டுப் பையுடன் இத்தாலியில் சில நாட்கள்

மருத்துவர்கள், பட்டயக் கணக்காளர்கள், பொறியாளர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் எனப் பல துறையினரும் வெளிநாட்டு மாநாடுகளில் கலந்துகொள்வதற்காக அந்நியச் செலாவணி கேட்டு நம் கிளைகளுக்கு வருவது இன்று அன்றாட நிகழ்வாகிவிட்டது. மாநாடு நடைபெறும் நாடு இத்தாலியாக இருந்துவிட்டால், படிவத்தை நிரப்பும்போதே வாடிக்கையாளரின் முகத்தில் ஒரு தனிப் பொலிவு தோன்றுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். பதிவுக் கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றைப் பற்றி விசாரித்து முடித்த பின், சற்றே குரலைத் தாழ்த்தி அவர்கள் கேட்கும் அடுத்த வினாவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: மாநாடு முடிந்தபின் நான்கைந்து நாட்கள் கூடுதலாகத் தங்கி ஊர் சுற்றிப் பார்க்கலாமா, அதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

குரலைத் தாழ்த்தத் தேவையே இல்லை. தாராளமாகத் தங்கலாம். ஆனால் மாநாட்டின் கணக்கு வேறு, சுற்றுலாவின் கணக்கு வேறு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மனத்தில் கொண்டுவிட வேண்டும். நிறுவனம் ஒன்று தன் ஊழியரை மாநாட்டுக்கு அனுப்பிச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகை நிறுவனத்தின் வணிகச் செலவாகவே கருதப்படும். தனிநபர் வரம்புக்குள் அது வராது. சொந்தமாகத் தொழில் நடத்தும் மருத்துவரோ வழக்கறிஞரோ தம் பணத்தில் செல்வாரானால், அது ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்பது அதன் வரம்பு. சுற்றுலாவுக்கான செலவு யாருடையதாயினும் இத்திட்டத்தின் கீழ்தான். வரம்பு பெரியது, பெரும்பாலோர் அதன் அருகில்கூடச் செல்வதில்லை. கவனம் தேவைப்படும் இடம் வேறு. ஏ2 படிவத்தில் குறிக்கும் பயண நோக்கத்துக்கு வணிகப் பயணத்துக்கு ஒன்றும் தனிப் பயணத்துக்கு மற்றொன்றுமாகத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடக்கிவிட்டுப் பின்னர் வருமான வரிக் கணக்கில் மாநாட்டுச் செலவைத் தொழிற்செலவாகக் கழிக்க முற்படுகையில்தான் தொல்லை தொடங்குகிறது. முழுவதும் தொழிலுக்கென்றே செய்யப்பட்ட செலவுதான் கழிவுக்கு உரியது என்பது வருமான வரியின் அடிப்படை விதி. வெனிஸ் நகரில் படகில் சென்ற செலவு அதில் சேராது. இரண்டு பயண அட்டைகள், இரண்டு உறைகளில் ரசீதுகள் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் சிலரை அறிவோம். அவர்களுடைய தணிக்கையாளர்கள் அவர்களை வாழ்த்துவார்கள்.

மூலத்தில் வசூலிக்கப்படும் வரியைப் பற்றியும் ஒரு சொல். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, இத்திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு இவ்வரி வசூலிக்கப்படுவதில்லை. எனினும் முகவர் வழியாக ஒட்டுமொத்தச் சுற்றுலாத் திட்டமாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே வசூல் உண்டு. விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை ஆதலால், புறப்படும் ஆண்டின் விகிதத்தைக் கிளையில் கேட்டறிவதே முறை. இது கூடுதல் செலவன்று. ஆண்டு இறுதியில் செலுத்த வேண்டிய வரியில் ஈடுசெய்துகொள்ளத்தக்கது. ஆயினும் பயணத்துக்கு முன் கையிலிருந்து போகும் பணம் என்பதால் திட்டத்தில் அதற்கும் இடம் வேண்டும்.

விசா விண்ணப்பத்திலும் இதே நேர்மைதான் வேண்டும். இத்தாலி ஷெங்கன் உடன்பாட்டு நாடுகளுள் ஒன்று. பயணத்தின் முதன்மை நோக்கம் மாநாடு என்றால் அதையே எழுத வேண்டும். அதைத் தொடர்ந்து சுற்றுலா என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுவதில் குற்றமில்லை. மாநாட்டை மறைத்துச் சுற்றுலா என்று மட்டும் எழுதுவதும், சுற்றுலாவை மறைத்து மாநாட்டு நாட்களை மட்டும் காட்டுவதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறுகள் அல்ல. பின்னதைச் செய்தவர்களுக்கு மாநாட்டு நாட்களுக்கு மட்டுமே அளவெடுத்தாற்போல விசா கிடைக்க வாய்ப்புண்டு. அழைப்புக் கடிதம், பதிவுக் கட்டணம் செலுத்திய ரசீது, பணியிடத்தின் தடையின்மைச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றுடன், எல்லா இரவுகளுக்குமான தங்குமிட முன்பதிவும் நாள்வாரியான திட்டமும் இணைக்கப்பட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்கும் நாட்கள் முழுவதற்கும் இருத்தல் வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குள்ளாக விண்ணப்பிக்க இயலாது. உடன் வரும் கணவரோ மனைவியோ மாநாட்டில் கலந்துகொள்ளாதவராயின், அவருடைய விண்ணப்பத்தில் நோக்கம் சுற்றுலாவே.

இந்த இடத்தில், கிளையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் மிலான் நகரில் நடைபெறவிருந்த மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் அனுப்ப வந்தார். அழைப்புக் கடிதத்தில் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், அழகிய முத்திரை, அவருடைய ஆய்வைப் பாராட்டி நான்கு வரிகள் யாவும் இருந்தன. கவுன்ட்டரில் இருந்த எங்கள் சக அலுவலர் பணம் பெறுபவரின் கணக்கு விவரத்தைப் பார்த்தார். இத்தாலிய வங்கிக் கணக்கின் பன்னாட்டு எண் ஐ, டி என்னும் இரு ஆங்கில எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 27 எழுத்துகளும் எண்களும் கொண்டதாக இருக்கும். கடிதத்தில் இருந்ததோ வேறொரு நாட்டின் கணக்கு. அதுவும் தனிநபர் பெயரில்.

“ஐயா, இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டு நாளை அனுப்பலாம்” என்றார் அலுவலர்.

“சலுகைக் கட்டணத்துக்கு இன்றுதானே கடைசி நாள்?” என்றார் பேராசிரியர். அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. அது அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணமாக இருந்திருக்கும்.

இரண்டு நாட்களில் பல்கலைக்கழகத்திலிருந்து விடை வந்தது: அப்படியொரு மாநாட்டைத் தாங்கள் நடத்தவில்லை. வெளிநாட்டுக் கணக்கில் ஒருமுறை வரவு வைக்கப்பட்ட பணத்தைப் பெறுபவரின் ஒப்புதலின்றித் திரும்பப் பெறுவது மிகவும் அரிது. கடைசி நாள் என்று அவசரப்படுத்துவது, தனிநபர் கணக்கு, மாநாடு ஒரு நாட்டிலும் கணக்கு மற்றொரு நாட்டிலுமாக இருப்பது ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அனுப்பும் முன் எங்களிடம் காட்டுங்கள் என்று வாடிக்கையாளப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அப்பேராசிரியர் அடுத்த ஆண்டு வேறொரு மாநாட்டுக்காகப் பொலோஞ்ஞா நகருக்குச் சென்றுவந்தார் என்பதையும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறோம்.

ஊரும் நாளும்

இனி இத்தாலியைப் பற்றி. வங்கிப் பணி தொடர்பான மூன்று நாள் மாநாடு ஒன்றுக்காக நாங்கள் மூவர் ஜூன் மாதத்தில் ஃபுளோரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தோம். மாநாட்டுக்கு முன்பு ஒரு நாள், பின்பு மூன்று நாட்கள் எனப் பிரித்துக்கொண்டோம். முன்பே நான்கு நாட்களும் சுற்றிவிட்டு மாநாட்டு அரங்கில் உறங்கி வழிவதை நாங்கள் ஒப்புவதில்லை. கோடையில் இந்திய நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் மூன்றரை மணி நேரமே வேறுபாடு என்பதால் உடல் பழக ஒரு நாள் போதும். ரோம் நகரில் இறங்கி, திரும்பும்போது மிலானிலிருந்து விமானம் ஏறுவதாகப் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டால், வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும். அதிவேக ரயிலில் ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம்; அங்கிருந்து மிலான் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

கிழமையைப் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஃபுளோரன்ஸின் உஃபிட்சி, அக்காதேமியா ஆகிய இரு கலைக்கூடங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மிலானில் லியோனார்டோ தீட்டிய இறுதி இராவுணவு ஓவியமும் திங்களன்று காணக் கிடைக்காது. மற்ற நாட்களிலும் முன்பதிவு செய்தோரைச் சிறு குழுக்களாக 15 நிமிடங்கள் மட்டுமே அனுமதிப்பர். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம் என்பது நற்செய்தி போலத் தோன்றும். அன்றைய வரிசையைப் பார்த்தபின் கட்டணம் செலுத்துவதே இலாபம் என்று தோன்றிவிடும்.

எங்கள் மாநாடு நடைபெற்ற இடமே ஒரு வரலாறு. ரயில் நிலையத்தின் அருகிலுள்ள ஃபோர்தெட்சா ட பாஸோ என்னும் கோட்டை, மெதிச்சி குடும்பத்தின் அலெஸ்ஸாண்ட்ரோவுக்காக 1530களில் கட்டப்பட்டது. வங்கித் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பம், அச்செல்வத்தால் நகரத்தின் அதிபதியாகி, நகர மக்களையே அச்சுறுத்தி வைக்கக் கட்டிய கோட்டை அது. அதற்குள் அமர்ந்து வங்கிக் கட்டுப்பாடு பற்றிய உரைகளைக் கேட்பதில் ஒரு பொருத்தம் இருந்தது. மாலை நான்கரை மணிக்கு அமர்வுகள் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் உண்டு. மாநாட்டு நாட்களிலும் நான்கு மணி நேர நடைக்கு வழி இருக்கிறது என்பதே இதன் பொருள். அதற்குக் கட்டணமும் இல்லை.

வங்கிகளின் தாயகத்தில்

ஃபுளோரன்ஸுக்குச் செல்பவர்கள் மைக்கலாஞ்சலோவின் தாவீதையும் பேராலயத்தின் குவிமாடத்தையும் காண்பார்கள். காண வேண்டியவையே. நாங்களும் கண்டோம். ஆனால் வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவர்களுக்கு அந்நகரம் வேறொரு முகத்தையும் காட்டுகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1252ஆம் ஆண்டில் அந்நகரம் ஃபுளோரின் என்னும் பொன் நாணயத்தை வெளியிட்டது. எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். ஒரு புறம் லில்லி மலர், மறு புறம் நகரின் காவலரான புனித யோவான். எடையும் மாற்றும் குறையாமல் காத்த காரணத்தால் ஐரோப்பா முழுவதும் அந்நாணயம் செல்லுபடியாயிற்று. நாணயம் மாற்றுவோர் சந்தையில் மேசையிட்டு, அதன்மேல் துணி விரித்து, பேரேட்டையும் காசுப் பையையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பர். அம்மேசையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே வங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், அதன் வழியே நம் ‘வங்கி’ என்னும் சொல்லும் பிறந்தன. கடனைத் திருப்பித் தர இயலாதவனின் மேசையை உடைத்துவிடுவார்கள் என்றும், திவாலைக் குறிக்கும் சொல் அதிலிருந்து வந்தது என்றும் கூறுவர். புதுச்சந்தை எனப்படும் தூண் மண்டபத்தின் நடுவே, தரையில் சக்கர வடிவிலான ஒரு பளிங்குப் பதிப்பு இன்றும் இருக்கிறது. திவாலானவர்களைப் பலரறிய அவமானப்படுத்திய இடம் அது. கடைக்காரர்கள் தோல் பைகளை விரித்து அதை மறைத்துவிடுகிறார்கள் என்பதால், கடைகள் மூடியபின் மாலையில் செல்வது நல்லது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஓர்சான்மிக்கேலே. தானியச் சந்தையாக இருந்து ஆலயமாக மாறிய கட்டடம். அதன் வெளிச்சுவரின் மாடங்களில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் காவலரின் சிலையை நிறுவியிருக்கிறது. நாணயம் மாற்றுவோர் சங்கம் தேர்ந்துகொண்ட காவலர், வரி வசூலிக்கும் வேலையை விட்டுவிட்டு இயேசுவின் பின் சென்ற மத்தேயு. கிபெர்ட்டி என்னும் சிற்பி வார்த்த வெண்கலச் சிலை அது. துணி வணிகர் சங்கத்துக்காக அவர் முன்னர் வார்த்த புனித யோவான் சிலைக்குச் சற்றும் குறையாத அளவில் இருக்க வேண்டும் என்று வங்கியர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்களாம். போட்டி வங்கியின் விளம்பரப் பலகையை அளந்து பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இப்போது மாடத்தில் இருப்பது படி. மூலச் சிலைகள் மேல்தளத்து அருங்காட்சியகத்தில் உள்ளன.

சாந்தா குரோச்சே ஆலயத்துக்குள் பயணிகள் மைக்கலாஞ்சலோ, கலிலியோ ஆகியோரின் கல்லறைகளை நோக்கி விரைவார்கள். நாங்கள் பெருபீடத்தின் வலப்புறம் அடுத்தடுத்துள்ள இரு சிற்றாலயங்களின் முன் நெடுநேரம் நின்றோம். பார்தி குடும்பத்துடையது ஒன்று, பெருட்சி குடும்பத்துடையது மற்றொன்று. இரண்டின் சுவர்களிலும் ஜோத்தோவின் ஓவியங்கள். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவின் மிகப்பெரிய வங்கி நிறுவனங்கள் இவ்விரண்டே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு பிரான்சுடன் தொடுத்த போருக்குப் பெருங்கடன் கொடுத்தார்கள்; மன்னர் திருப்பித் தரவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1343இல் பெருட்சியும் 1346இல் பார்தியும் வீழ்ந்தன. அவற்றை நம்பிப் பணம் போட்டிருந்த குடும்பங்கள் எத்தனையோ. இன்று அந்த வங்கிகள் இல்லை, அரசரும் இல்லை. சுவரில் ஓவியம் மட்டும் நிற்கிறது, அதுவும் ஆங்காங்கே உதிர்ந்து.

மெதிச்சி வங்கியின் கதை இன்னும் நெருக்கமானது. 1397இல் ஜியோவான்னி தி பிச்சி தொடங்கிய அவ்வங்கிக்கு ரோம், வெனிஸ், ஜெனீவா, புரூஜ், லண்டன் என ஐரோப்பாவெங்கும் கிளைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையும் தனிக் கூட்டாண்மை. ஒரு கிளையின் நட்டம் மற்றொன்றைத் தாக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பேரன் மகன் லொரென்சோவின் காலத்தில் வங்கியின் தலைமை மேலாளராக இருந்தவர் ஃபிரான்செஸ்கோ சஸ்ஸெத்தி. அவருடைய சிற்றாலயம் சாந்தா திரினிதா ஆலயத்தில் உள்ளது. கிர்லாந்தாயோ தீட்டிய அதன் சுவரோவியத்தில் முதலாளி லொரென்சோவும் மேலாளர் சஸ்ஸெத்தியும் அருகருகே நிற்கிறார்கள். படத்தில் யாவும் நலமாகவே தோன்றுகிறது. உண்மையில், தொலைதூரக் கிளைகளின் மேல் சஸ்ஸெத்தியின் கண்காணிப்பு தளர்ந்திருந்தது. புரூஜ் கிளை மேலாளர் தொம்மாஸோ போர்த்தினாரி, பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸுக்கு வரம்பு மீறிக் கடன் கொடுத்தார். கோமகன் 1477இல் நான்சி போர்க்களத்தில் மடிந்தார். கடன் வாராக் கடனாயிற்று.

அதே போர்த்தினாரி, ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ஹ்யூகோ வான் டெர் கூஸைக் கொண்டு எழுதுவித்த பலிபீட ஓவியம் இன்று உஃபிட்சியில் இருக்கிறது. விரித்து வைத்தால் அகலம் ஏறத்தாழ 6 மீட்டர். நடுவில் கிறிஸ்துவின் பிறப்பு. இடையர்கள் வியந்து நோக்குகிறார்கள். இடப்பக்கத்தில் மேலாளர் தம் புதல்வர்களுடன் முழந்தாளிட்டிருக்கிறார். வலப்பக்கத்தில் அவர் மனைவியும் மகளும். கடல் வழியே 1483இல் ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்த அவ்வோவியத்தைப் பார்த்து உள்ளூர் ஓவியர்கள் வியந்து கற்றுக்கொண்டனர். எங்களுள் மூத்தவர், கடன் பிரிவில் 18 ஆண்டுகள் பணியாற்றியவர், அதன் முன் பேசாமல் நின்றார். பிறகு, “இந்தக் கைகளைப் பாருங்கள். கடன் கோப்பில் கையெழுத்திட்ட கையும் இதுதானே” என்றார். 1494இல் மெதிச்சி குடும்பம் நகரை விட்டு விரட்டப்பட்டது, வங்கியும் முடிந்தது. மெதிச்சி வங்கி ஒரு நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை என்பதை, அதன் பெருமையைப் பேசும் வழிகாட்டிகள் சொல்வதில்லை.

மாநாடு முடிந்த மறுநாள் சியெனா. பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். 1472இல் ஏழைகளுக்குக் கடனுதவி செய்யத் தொடங்கப்பட்டு இன்றளவும் இயங்கும் மோந்தே தெய் பாஸ்கி வங்கியின் தலைமையகம் அங்கேதான். உலகில் இன்றுள்ள வங்கிகளுள் மிகப் பழையது என்று போற்றப்படும் அதுவும், வேறொரு வங்கியை 2007இல் பெருவிலைக்கு வாங்கி, தள்ளாடி, 2017இல் அரசின் மூலதனத்தால் காப்பாற்றப்பட்டது. வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.

சியெனாவில் எங்களைக் கட்டிப்போட்டது வேறொன்று. அந்நகரக் கருவூலத்துக்கு பிக்கெர்னா என்று பெயர். அதன் அதிகாரிகள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் கணக்கேட்டுக்கு மரத்தாலான மேலட்டை இட்டு, அதில் ஓவியம் தீட்டும் வழக்கம் இருந்தது. 1258ஆம் ஆண்டு அட்டையில் இருப்பவர் கருவூலப் பொறுப்பாளரான ஒரு துறவி. பணத்தின் மேல் பற்றில்லாதவர் என்று மடத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து கருவூலத்தில் அமர்த்தியிருக்கிறார்கள்! நாளடைவில் போர்கள், நிலநடுக்கம், திருமண ஊர்வலம் என நகரின் கதை முழுவதும் அந்த அட்டைகளில் ஏறிவிட்டது. பிக்கொலோமினி மாளிகையிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இவை வைக்கப்பட்டுள்ளன. குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அனுமதி என்பதால் முன்னரே கேட்டறிந்து செல்ல வேண்டும். நகரில் கூட்டம் அலைமோதிய அந்நாளில் அக்காப்பகத்தில் எங்களையன்றி நால்வரே இருந்தனர். நகர மன்றத்தில் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்களையும் கண்டோம். ஒன்பது ஆட்சியாளர்கள் கூடி முடிவெடுத்த அறையின் சுவர்களிலேயே, நல்ல முடிவின் விளைவையும் தீய முடிவின் விளைவையும் எதிரெதிரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாளைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருவர் வெனிஸ் என்றார். மற்ற இருவரும் சான்செபோல்க்ரோ என்றோம். வாக்கெடுப்பில் வென்றோம். பி.காம். முதலாண்டுக் கணக்கியல் பாடநூலில் ஒற்றை வரியாக லூக்கா பாச்சோலி என்று ஒரு பெயர் வருமே, அவர் பிறந்த ஊர் அது. அரெட்சோ வரை ரயிலிலும், அங்கிருந்து மலையடிவாரங்களைச் சுற்றிப் பேருந்திலும் செல்ல வேண்டும். இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டுப் பேரேட்டிலேயே அம்முறை காணப்படுகிறது. வணிகர்களின் கைப்பழக்கமாக இருந்ததை 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் முறைப்படுத்தி எழுதி, யாரும் கற்கும்படி செய்தவர் அந்தப் பிரான்சிஸ்கன் துறவி. முதலில் உடைமைப் பட்டியல், பிறகு நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என்னும் மூன்று ஏடுகள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. மென்பொருள் வந்துவிட்ட பின்னும் நம் கிளைகளில் மாலைதோறும் நடப்பது அதுதான். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிற்றூரின் அமைதியில், கையில் நூலுடன் நிற்கும் அவரை வணங்கிவிட்டு, அதே ஊரில் பிறந்த பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் உயிர்த்தெழுதல் ஓவியத்தைக் காணச் சென்றோம். 1944இல் அவ்வூரின் மேல் குண்டு வீசிக்கொண்டிருந்த பிரித்தானியப் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர், அங்கே அவ்வோவியம் இருப்பதை நூலொன்றில் படித்தது நினைவுக்கு வந்து, பீரங்கிகளை நிறுத்தச் செய்தாராம். வெனிஸ் கேட்ட நண்பர் அதன் முன்னிருந்த இருக்கையில் அமர்ந்து எழ மறுத்துவிட்டார்.

அட்டை, காசு, உணவு

நம் நாட்டில் வழங்கப்படும் அட்டைகள் 2020 முதல் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியில் இயக்கிக்கொள்ள வேண்டும்; விமான நிலையத்தில் நினைவுக்கு வருவதைவிட வீட்டிலேயே செய்துவிடுவது நலம். யூரோவில் நிரப்பிய பயண அட்டையே இத்தாலிக்கு ஏற்றது. அங்கே ஏ.டி.எம். திரையிலும் கடைக்காரரின் கருவியிலும் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா’ என்று கேட்கும். ரூபாயைத் தொட்டுவிட்டால் அவர்கள் நிர்ணயிக்கும் மாற்று விகிதம் நம் தலையில் விழும். எப்போதும் யூரோ என்பதையே தேர்க. நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டு செல்லலாம் என்றாலும் அவ்வளவு தேவைப்படாது. விடுதிகளில் நபருக்கும் இரவுக்கும் கணக்கிட்டு வசூலிக்கும் சுற்றுலா வரி அறை வாடகைக்குப் புறம்பானது என்பதையும், பல ஊர்களின் வட்டார ரயில்களில் அச்சிட்ட பயணச்சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. தக்காளியில் ஊறிய ரொட்டியும் அவரைக் கூட்டும் தொஸ்கானா மக்களின் அன்றாட உணவு. செச்சினா என்று கொண்டைக்கடலை மாவில் வார்க்கும் அடை ஒன்று உண்டு. நம் நாக்குக்கு மிக அணுக்கமானது. பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்க்கப்படுகிறது என்பதை மட்டும் கருத்தில் கொள்க. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. நாங்கள் நின்றே குடித்தோம்.

ஊர் திரும்பியபின் மீந்த அந்நியச் செலாவணியை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்; நோட்டாக 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாணயங்களுக்கு வரம்பே கிடையாது. இத்தாலியில் அச்சான யூரோ நாணயங்கள் பையில் தங்கியிருந்தால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்: 2 யூரோவில் தாந்தே, 1 யூரோவில் லியோனார்டோ வரைந்த மனித உருவம், 10 சென்ட்டில் உஃபிட்சியில் கண்ட போத்திச்செல்லியின் வீனஸ்.